இடம்பெயர்ந்த சிறுவனும் வன்னியின் மாலை வகுப்புகளும்: புனித யூஜின் டி மசெனட் பற்றிய அனுபவப் பகிர்வு

கிளிநொச்சி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

கத்தோலிக்கத் துறவற சபையான அமலமரித் தியாகிகள் சபையின் நிறுவுநரான புனித யூஜின் டி மசெனட்டின் திருநாள் மே 21ஆம் திகதி வருகின்றது. வன்னியில் அச்சபைக் குருக்களிடம் படித்தவர்களும், அவர்களோடு சேர்ந்து படிப்பித்தவர்களும் தங்கள் அனுபவங்களை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நானே தொடங்குகிறேன்.

அவர் மார்செய் நகரின் ஆயராக இருந்ததும், 1847இல் இலங்கைக்குத் தம் குருக்களை அனுப்பியதும், 1995 டிசம்பர் 3ஆம் திகதி புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டதும் திருநாள் மறையுரைகளில் தவறாமல் சொல்லப்படும். அவருடைய பிள்ளைப்பருவம் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1782இல் பிரான்சின் எக்ஸ் நகரில் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்த அவர், பிரெஞ்சுப் புரட்சியின் காரணமாக எட்டு வயதில் வீட்டைவிட்டு வெளியேறியவர். நீஸ், தூரின், வெனிஸ், நேப்பிள்ஸ், பலெர்மோ என்று இடம் மாறி மாறி வாழ்ந்து, 1802இல்தான் ஊர் திரும்பினார். வெனிசில் அவருக்குப் பாடசாலையும் இல்லை, புத்தகமும் இல்லை. ஜன்னலில் சும்மா நின்ற சிறுவனை எதிர்வீட்டுக் குருவானவர் பார்த்தலோ சினெல்லி கண்டு விசாரித்தார். வாசிக்க எதுவும் இல்லை என்று பதில் வந்ததும், அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்கு மேலாகவே புத்தகமொன்றை நீட்டிக் கொடுத்தார் என்று புனிதரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். வாசித்து முடித்ததைத் திருப்பிக் கொடுக்கப் போன சிறுவன், நாளடைவில் அவ்வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன்போல் அங்கேயே படித்து, அங்கேயே செபமாலை சொல்லி வளர்ந்தான்.

1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டு, பின்னர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தவர்களுள் நானும் ஒருவன். பிள்ளைகள் படிப்பை மறந்து தண்ணீர்க் கானோடும் விறகுக் கட்டோடும் திரிந்த அந்தக் காலத்தில், அச்சபைக் குருவானவர் ஒருவர் என்னைத் தேடி வந்து, ஆலய வளவின் மரநிழலில் கணிதம் படிப்பிக்க முடியுமா என்று கேட்டார். கரும்பலகை இல்லையே என்றேன். பெட்டிப் பலகையொன்றில் கரி பூசி மறுநாள் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார். பதிவேடும் இல்லை, கட்டணமும் இல்லை. எந்தச் சமயத்துப் பிள்ளை என்ற கேள்வி ஒருநாளும் எழவில்லை. சினெல்லியின் கதையை அவர்தான் ஒரு மாலைப்பொழுதில் எங்களுக்குச் சொன்னார். தம்முடைய சபையின் வேலை முறை அந்த ஜன்னலில் தொடங்கியது என்பது அவருடைய எண்ணம். வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களோ தெரியாது, நான் ஒப்புக்கொள்கிறேன்.

மாங்குளம், உயர்தர வகுப்பு ஆசிரியை

ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், இன்றும் சைவசமயத்தவள்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தப்பட்ட வயதில், தறப்பாள் கொட்டிலொன்றில் நடந்த மாலை வகுப்பில்தான் நான் அச்சபைக் குருவானவர் ஒருவரிடம் வரலாறும் தமிழும் படித்தேன். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாக இருந்தபடியால், ஒரு குப்பி விளக்கைச் சுற்றி நாங்கள் வட்டமாக இருப்போம். விளக்குக்கு அண்மையில் யார் இருப்பது என்ற சண்டையைத் தீர்ப்பதற்காக, இடம் நாளாந்தம் மாறும் என்று அவர் ஒழுங்கு செய்தார்.

அந்தச் சண்டையின் நடுவில்தான், 1816 ஜனவரி 25ஆம் திகதி எக்ஸ் நகரின் பழைய கார்மேல் மடத்தில் சபை தொடங்கிய கதையை அவர் சொன்னார். இரண்டு பீப்பாக்களின் மேல் போட்ட பலகையே அவர்களுடைய சாப்பாட்டு மேசை. இரவில் ஒரே விளக்கை வாசற்படியில் வைத்து, அந்த வெளிச்சத்தில் மசெனட்டும் மற்ற இருவரும் படுக்கைக்கு ஆயத்தமாவார்கள். அந்த நாட்களை மசெனட் பிற்காலத்தில் குறையாகச் சொல்லாமல், மகிழ்ச்சியோடு நினைத்துப் பார்த்தார் என்பதுதான் எங்களுக்கு வியப்பாக இருந்தது.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. சபை ஒழுங்கின் முகவுரையில், மக்களை முதலில் பகுத்தறிவோடு வாழும் மனிதராக்கி, பின்பு கிறிஸ்தவராக்கி, முடிவில் புனிதராவதற்குத் துணைசெய்ய வேண்டும் என்ற கருத்தை நிறுவுநர் எழுதியிருக்கிறார். எங்கள் சுவாமி அந்த வரிசையின் முதற்படியை மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டவர். வகுப்பில் எவரையும் மதம் மாறும்படி அவர் சொன்னதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் காரணம் காட்டாமல் ஒரு விடையை எழுதினால், விடை சரியாக இருந்தாலும் புள்ளி தரமாட்டார். இன்று என் மாணவர்கள் என்னைக் கண்டிப்பானவள் என்று முறையிடுவதற்கு அவரே பொறுப்பு!

முல்லைத்தீவு, பங்கு மறைக்கல்வி ஆசிரியர்

நீண்ட அனுபவம் எழுத எனக்கு வராது. எங்கள் பங்கில் கடற்றொழிலுக்குப் போகின்றவர்களே அதிகம். பூசைக்கு வந்தாலும் பின்வரிசையில் நிற்பதே அவர்களுடைய வழக்கம். அமலமரித் தியாகிக் குருவானவர் ஒருவர் தவக்காலத்தில் தியானம் கொடுக்க வந்தபோது, 1813ஆம் ஆண்டு தவக்காலத்தில் இளங்குருவான மசெனட் எக்ஸ் நகரின் மதலேன் ஆலயத்தில் விடியற்காலையில் ஆற்றிய மறையுரைகளைப் பற்றிப் பேசினார். வேலைக்காரரும் கூலியாட்களும் வேலைக்குப் போகுமுன் வரக்கூடிய நேரம் அது. பேசியதும் பிரபுக்களின் பிரெஞ்சில் அல்ல, அந்த மக்கள் வீட்டில் பேசிய புரோவென்சால் மொழியில். உலகம் உங்களை எப்படி மதித்தாலும் நீங்கள் கடவுளின் பிள்ளைகள் என்பதே அவர் அங்கு சொன்னதன் சாரம். தியானத்தின் பின்னர் எங்கள் குருவானவரும் அதிகாலையில் கரைக்கே போய், வலை இழுத்து முடித்தவர்களோடு மணலில் இருந்து பேசினார். எழுத்து வாசிப்புத் தெரியாத பெரியவர்கள் சிலர் தங்கள் பெயரை எழுதப் பழகியது அந்தப் பேச்சுகளின் தொடர்ச்சியாகத்தான்.

வவுனியா, அரச உத்தியோகத்தர்

எழுதியவர்கள் எல்லோரும் மரநிழலையும் கொட்டிலையும் பற்றியே எழுதுகிறீர்கள். கல்வி மரபு என்றால் யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற நிறுவனங்கள் அல்லவா நினைவுக்கு வரவேண்டும்? பாடசாலைகளுக்காக ஆங்கிலேய அரசோடு வாதாடிய ஆயர் பொஞ்சீன், தமிழாய்வில் ஆயுளைச் செலவிட்ட நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் ஆகியோரும் இச்சபையினரே. அத்தகைய பெரிய கல்லூரியொன்றை வன்னிக்கு அவர்கள் தரவில்லை என்ற குறை எனக்கு உண்டு. நிறுவுநர் ஏழைகளுக்காகவே சபையைத் தொடங்கினார் என்றால், ஏழைகள் அதிகமாக இருந்த இடத்துக்கு அது கடைசியாக வந்தது ஏன்?

கிளிநொச்சி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னி மலேரியாவும் காடும் குறைந்த சனத்தொகையும் கொண்ட நிலம். குருக்கள் மாட்டுவண்டியில் வந்து, பூசை செய்து, திரும்பிச் செல்லும் இடமாகவே அது நெடுங்காலம் இருந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னர் மிசன் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போய்விட்டபடியால், குடியேற்றத் திட்டங்களால் வன்னியில் சனம் பெருகிய காலத்தில் புதிய கல்லூரி கட்டும் வாய்ப்பும் சபைகளுக்குக் குறைந்துவிட்டது. இவை காரணங்களே தவிர முழு விடை அல்ல. நகரத்துக் கல்லூரிகளுக்குக் கிடைத்த ஆட்பலத்தில் ஒரு பங்கையாவது இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம் என்றே நானும் கருதுகிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மசெனட் 1813இல் எக்ஸ் நகரில் இளைஞர் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர்களைக் கூட்டிச் சேர்த்ததே விளையாட்டுக்காகவும் செபத்துக்காகவும்தான். மறு ஆண்டில் ஒஸ்திரிய போர்க்கைதிகளுக்குப் பணிசெய்து, தைபஸ் காய்ச்சல் தொற்றி அவர் சாகக்கிடந்தபோது, அவருக்காகக் கோயிலில் கூடிச் செபித்தவர்கள் அந்த இளைஞர்கள். கல்லூரிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இங்கே எங்கள் ஆலய வளவில் இப்போதும் மாலை வகுப்பு நடக்கின்றது. கணிதத்துக்கு நான் போகிறேன், விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை. மாங்குளத்து ஆசிரியை பிள்ளை சனிக்கிழமைகளில் வர முடியுமானால் எனக்கு அறியத் தரவும்; பேருந்துச் செலவைப் பங்குச் சபை பொறுப்பெடுக்கும் என்று சுவாமி சொல்லியிருக்கிறார்.