பஜனையில் காலப்பிரமாணம் (பாட்டோட வேகம்) ஓடுது, எப்படிப் பிடிக்கிறது?

சத்துவாச்சாரி மிருதங்கம்:
மார்கழி பஜனைக்கு வாசிக்கிறேன். ஆதி தாளம் நிதானமாத்தான் ஆரம்பிக்கும். நாமாவளி சூடு பிடிச்சதும் ஹார்மோனியமும் ஜால்ராவும் ஓடுது. நான் இழுத்துப் பிடிச்சா பாட்டு தொங்குது. கூடவே ஓடணுமா, நிக்கணுமா?

ஆரணி கூத்து வாத்தியம்:
தம்பி, நடுவுல இழுக்காதே. வாசிக்கிற சொல்லை (அடிகளை) குறைச்சுக்கோ, சமத்துல, அதாவது தாளத்தோட முதல் அடியில, தொப்பி (மிருதங்கத்தோட கனத்த நாதப் பக்கம்) அழுத்தமா விழட்டும். ரெண்டு மூணு ஆவர்த்தத்துல (தாளச் சுற்றுல) எல்லாரும் அங்க வந்து கூடிடுவாங்க. ஓட்டம் தொடங்குறதே கார்வையிலதான்: பாடுறவர் நிறுத்துற இடத்தை ஜால்ரா பொறுக்காம நிரப்பிடும். அதனால ஜால்ராவை நிதானமான ஒருத்தர் கையில கொடு, மத்தவங்க அவர் கையைப் பார்க்கட்டும். தெருக்கூத்துல நாங்க ஆடுறவர் காலைப் பார்த்துத்தான் விடிய விடிய வாசிக்கிறோம். காது மட்டும் போதாது தம்பி.

காட்பாடி வயலின்:
ஸ்பீக்கரையும் கவனிங்க. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளிக் கட்டின பாக்ஸ் சத்தம் 50 மில்லி செகண்ட் பின்தங்கித்தான் உங்க காதுக்கு வரும். அதை நம்பி வாசிச்சா நீங்க இழுக்கிற மாதிரிதான் கேட்கும். பாடுறவர் பக்கத்துலயே உட்காருங்க.

சத்துவாச்சாரி மிருதங்கம்:
நன்றி அண்ணா. எடுப்பு (பாட்டு ஆரம்பிக்கிற இடம்) சமத்துல இல்லாம அரை இடம் தள்ளி வந்தா?

ஆரணி கூத்து வாத்தியம்:
அந்தப் பாட்டை முதல்ல கையில தாளம் போட்டுக்கிட்டே வாயால பாடு. எடுப்பு வாயில நின்னப்புறம் மிருதங்கத்தைத் தொடு. தீர்மானமும் (முடிக்கிற சொற்கட்டும்) சமத்துக்கு இல்ல, அந்த எடுப்புக்கு வந்து சேரணும்.