பின்பக்கமாகச் சாய்ந்த கிரேன்

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

பிள்ளைகளோடு எதையாவது செய்து பார்த்த அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஒரு கிரேன். 2022இல் எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள், திண்ணையில்தான் வகுப்பு. நெம்புகோல் பாடம் வந்தது, படத்தைக் காட்டினால் கொட்டாவி விடுகிறார்கள். சரி, வீட்டில் கிடப்பதைக் கொண்டு வாருங்கள், கிரேன் செய்வோம் என்றேன். மறுநாள் திண்ணை காயலான் கடை ஆகிவிட்டது. விளக்குமாற்று ஈர்க்கு, செருப்பு டப்பா, சோடா மூடி, தீர்ந்த ரீபில், தையல் மெஷின் நூல்கண்டு, ஒருத்தி வாழை நார் வேறு.

ஈர்க்கைச் சதுரம் சதுரமாகக் கட்டித் தூண் எழுப்பினோம், தொட்டவுடன் கோணிக்கொண்டு படுத்துவிட்டது. ஒவ்வொரு சதுரத்துக்கும் குறுக்கே ஒரு குச்சி வைத்து முக்கோணமாக்கிய பிறகுதான் நின்றது. "செல்போன் டவர்லயும் இப்படித்தான்க்கா இருக்கு" என்றான் ஒருவன். இத்தனை நாளும் அந்த டவருக்குக் கீழேதான் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான்.

எடைக்கல் ஏது? மளிகைப் பாக்கெட்டில்தான் எடை அச்சடித்திருக்கிறதே. 100 கிராம் மஞ்சள்தூள்தான் பாரம். முன்கை தூணிலிருந்து 30 செ.மீ., பின்பக்க வால் 10 செ.மீ. முப்பதை நூறால் பெருக்கினால் 3000, அதை வாலின் பத்தால் வகுத்தால் பின்னால் 300 கிராம் வேண்டும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். பாட்டிலில் ஆற்று மணல் போட்டு, கடைத் தராசில் நிறுத்துக் கட்டினோம். மஞ்சள்தூள் அழகாக ஏறியது, ஒரே கைதட்டல். பாக்கெட்டை இறக்கிக் கொக்கியைக் கழற்றினோமோ இல்லையோ, மொத்தமும் பின்பக்கமாகக் கவிழ்ந்து திண்ணையெல்லாம் மணல். முன்னால் சாயும் என்றுதான் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். எனக்கும் சட்டென்று விளங்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையனின் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. ரிக்கர், அதாவது கிரேன் கொக்கியில் பாரம் மாட்டிச் சைகை காட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தார். "தம்பி, போனைக் கீழ காட்டு. காலு எங்கடா?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் என்னிடம், "பாரம் இல்லாதப்பவும் அந்த மணலு பின்னால இழுத்துக்கிட்டேதானம்மா இருக்கும்? முழுக் கணக்குக்கும் வெயிட்டு கட்டக் கூடாது. பாதிய வெயிட்டு பாத்துக்கும், மீதிய காலு பாத்துக்கணும்" என்றார். மணலை 150 கிராமாகக் குறைத்தோம். உள்ளங்கை அகலத்துக்கு இருந்த அடியில் மூங்கில் பிளாச்சு கட்டி நாலு பக்கமும் 8 செ.மீ. நீட்டினோம். பாரத்தோடும் நின்றது, பாரம் இல்லாமலும் நின்றது.

அதோடு விடவில்லை மனிதர். கையை இன்னும் அரை அடி நீட்டி அதே பாக்கெட்டைத் தூக்கச் சொன்னார். குப்புற விழுந்தது. "பாத்தீங்களா, அதே நூறு கிராம்தான். எங்க கிரேன்ல லோடு சார்ட்டுன்னு ஒண்ணு இருக்கும். தூரம் கூடக் கூட, தூக்கற எடை கொறஞ்சுக்கிட்டே வரும். அதைப் பாக்காம தூக்கினா கீழ நிக்கிற நாங்கதான் போவோம்." பையன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா என்ன வேலை என்று கேட்டால் அதுவரை "சிங்கப்பூர்" என்றுதான் சொல்வான்.

கும்பகோணத்திலிருந்து:

நாங்களும் செய்தோம், ஆனால் எங்களுக்குத் தகராறு கப்பியில். கொக்கியோடு சேர்ந்து ஏறி இறங்கும் கப்பி ஒன்றைப் போட்டால் பாதி பலம் போதும் என்று பாடத்தில் இருக்கிறது. சோடா மூடி இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டி, ஈர்க்கு அச்சில் மாட்டினோம். முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது! உராய்வே எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ரீபிலை வெட்டி அச்சுக்கு உறையாகப் போட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை. அதற்குள் ஒரு பெண் கேட்டாளே ஒரு கேள்வி, "பாதி பலம்னா நூல ரெண்டு மடங்கு சுத்தணுமே சார், இதுல என்ன லாபம்?" அன்றைக்கு மழுப்பிவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து:

கும்பகோணத்துக்காரரே, அந்தப் பெண்ணைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். 1010இல் கட்டி முடித்தது, விமானம் சுமார் 60 மீட்டர் உயரம். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சரிவாகச் சாரம் போட்டுக் கல்லை ஏற்றினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது எப்படியோ போகட்டும், சரிவு எதற்கு? நேராகத் தூக்கப் பலம் பத்தாது, சுற்றிப் போனால் பத்தும். லாபம் ஒன்றும் இல்லைதான், தூக்கவே முடியாததைத் தூக்க முடிகிறது, அவ்வளவுதான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

கால் விஷயம் சரி, எங்கள் பிள்ளைகள் அந்தக் காலைக் கொண்டுபோய்க் களிமண்ணில் வைத்தார்கள். திண்ணையில் ஜம்மென்று நின்ற கிரேன் வாய்க்கால் கரையில் ஒரு கால் மட்டும் இறங்கிச் சாய்ந்தது. "சம்பா அறுப்புல மழ பேஞ்சா டயர் வச்ச அறுப்பு வண்டி இறங்காதுல்ல, பெல்ட் வண்டிதான வரும்" என்று ஒரு விவசாயி வீட்டுப் பையன் சொல்லிவிட்டு, பாரம் பரவட்டும் என்று ஒவ்வொரு கால் அடியிலும் தீப்பெட்டி அட்டையை ஒட்டினான். சாயவில்லை. நிஜ கிரேன்காரர்களும் காலுக்கு அடியில் பலகை போடுவதை அதற்கு மேல்தான் கவனித்தேன்.

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

தீப்பெட்டி அட்டை மழையில் ஊறிவிடாதா? பழைய ஹவாய் செருப்பை வெட்டிப் போட்டுப் பாருங்கள். கும்பகோணத்துக்காரர் கப்பி அச்சுக்குச் சைக்கிள் கடையில் பழைய பால்ஸ் பேரிங் கேட்டுப் பார்க்கலாம், எங்கள் கடைக்கார அண்ணன் சும்மாவே கொடுத்தார்.