அலாஸ்காவில் பிரீமியம் குறைந்ததா, ஏறியதா?

கணக்குப்பிள்ளை:
அமெரிக்க மருத்துவக் காப்பீடு பற்றிய நேற்றைய இழையில் மாறன் எழுதியது இது: "மறுகாப்பீட்டுச் சட்டம் வந்ததும் அலாஸ்காவில் பிரீமியம் குறைந்துவிட்டது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. (மறுகாப்பீடு என்றால், பெரிய நோய்க்காரர்களின் செலவில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாநிலத் திட்டம் ஈடுகட்டுவது.) 2017-க்கு 42% ஏறும் என்றார்கள். 2016-ல் மாநிலச் சட்டமன்றம் மறுகாப்பீட்டுக்கு 55 மில்லியன் டாலர் ஒதுக்கியதும் ஏற்றம் 7% அளவில் நின்றது. ஏறியதுதானே? குறைந்தது என்று எப்படி எழுதலாம்?

மேரிலாந்து மாறன்:
சார், 42 எங்கே, 7 எங்கே? அப்போது அங்கே தனிநபர் சந்தையில், அதாவது வேலை வழியாக இல்லாமல் தாங்களே காப்பீடு வாங்குபவர்களுக்கு, மிஞ்சியது பிரிமேரா என்ற நிறுவனம் ஒன்றுதான். அதுவும் மூட்டை கட்டியிருந்தால் மக்கள் யாரிடம் போவார்கள்? பெரிய நோய்க்காரர்களின் செலவை மாநிலம் சுமந்ததால் அது தங்கியது. 2018-ல் அதே நிறுவனம் 20%-க்கு மேல் குறைத்ததே, அதைச் சொல்ல ஏன் மனம் வரவில்லை?

கணக்குப்பிள்ளை:
நான் கேட்டது 2017. ஏறியதா, இல்லையா? அப்புறம், அந்த 55 மில்லியன் வானத்திலிருந்து விழவில்லை. எல்லா வகைக் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டும் பிரீமியம் வரியில் எடுத்தது. கார் பாலிசிக்காரன் பணமும் அதில் இருக்கிறது.

மினசோட்டா செல்வி:
எங்கள் ஊரையும் பாருங்கள். 2017-ல் வந்த மறுகாப்பீட்டுச் சட்டத்தில் ஆளுநர் டேட்டன் கையெழுத்தே போடவில்லை, அப்படியே சட்டமானது. ஒருவரின் ஆண்டு மருத்துவச் செலவு 50,000 டாலரைத் தாண்டினால் 250,000 வரை 80% திட்டம் நிறுவனத்துக்குக் கொடுக்கும் என்று அப்போது வைத்தார்கள். அரசு மானியம் இல்லாமல் முழுப் பணமும் கட்டிய எங்களால் மூச்சுவிட முடிந்தது. ஆனால் இந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்த கையோடு மத்திய அரசு மினசோட்டாகேருக்கு வரும் பணத்தை வெட்டியது. குறைந்த வருமானக்காரர்களின் திட்டம் அது. அதைப் பற்றிப் பேசலாமே?

மேரிலாந்து மாறன்:
அக்கா, அது வாஷிங்டன் செய்த வேலை. மாநிலச் சட்டத்தின் மேல் ஏன் பழி?

கணக்குப்பிள்ளை:
பேச்சை மாற்றாதீர்கள். 7% ஏறியது.

வேங்கை:
அண்ணனுக்கு இதே பழக்கம். போன வருடம் வீட்டுக்கடன் இழையிலும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு போட்டார்.

கணக்குப்பிள்ளை:
அந்த இழையில் கடைசியில் யார் கணக்கு சரியாக வந்தது தம்பி? வட்டியைத் தப்பாகப் போட்டுவிட்டு இரண்டு மாதம் காணாமல் போனது நீங்கள்தான். நான் மறக்கவில்லை.

வேங்கை:
ஊருக்குப் போயிருந்தேன். அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமா?

மேரிலாந்து மாறன்:
சரி, அலாஸ்காவை விடுங்கள். எங்கள் மாநிலத்தில் 2018-ல் மறுகாப்பீட்டுக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் மேல் 2.75% கட்டணம் போட்டுச் சட்டம் வந்தது. 2019-க்கு சராசரி 30% ஏற வேண்டிய பிரீமியம் 13.2% இறங்கியது. இறங்கியது சார்! என் பில்லிலேயே பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் பில்லில் இறங்கியிருக்கும். மானியம் வாங்குபவன் பில்லில்? நடுத்தரமான வெள்ளித் திட்டத்தின் விலையை வைத்துத்தான் மானியம். அந்த விலை இறங்கினால் மானியமும் இறங்கும். என் மைத்துனன் வைத்திருப்பது அதைவிட மலிவான வெண்கலத் திட்டம். அதே திட்டத்துக்கு அவன் கையிலிருந்து போனது கூடியது. அவனிடம் போய் "குறைந்தது" என்று சொல்வீர்களா?

மினசோட்டா செல்வி:
இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன். யாருக்குக் குறைந்தது, யார் தலையில் விடிந்தது? இதைப் பேசுங்கள் என்றால் அலாஸ்காவிலேயே நிற்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அலாஸ்காவை இழுத்தது நான் இல்லையம்மா, மாறன். "குறைந்தது" என்ற சொல்லைத் திருத்தட்டும், அப்புறம் மினசோட்டாவுக்கு வருகிறேன்.

மேரிலாந்து மாறன்:
திருத்த மாட்டேன். 42 வர வேண்டிய இடத்தில் 7 வந்தால் எங்கள் வீட்டில் அதற்குக் குறைந்தது என்றுதான் பெயர்.

கணக்குப்பிள்ளை:
100 டாலர் கட்டியவன் 107 கட்டினான். இதற்குப் பதில் வரும்வரை தினமும் கேட்பேன்.

வேங்கை:
நாற்பது பதிவு என்று சொன்னேனே, எண்ண ஆரம்பித்துவிட்டேன்.