காய் என்றாலே வாயை மூடும் பிள்ளைகள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கோவை அம்மா

என் மகளுக்கு இரண்டரை வயது. மசித்த பூசணி, கேரட், கீரை என்று எல்லாவற்றையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று பச்சையாக எது கண்ணில் பட்டாலும் விரலால் தள்ள ஆரம்பித்தாள். சாம்பார் சாதத்தில் கடுகைக்கூடப் பொறுக்கி ஓரம் வைப்பாள். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். என் அம்மா, பூச்சி மருந்து கொடு என்றார்.

டாக்டர் காயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள்?" என்றுதான் முதலில் கேட்டார். கூட்டிப் பார்த்தால் முக்கால் லிட்டரைத் தாண்டியது. இந்த வயதுக்கு அரை லிட்டரே தாராளமாம். அதற்கு மேல் போனால் வயிறு நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் குறையும், அது குறைந்தால் பசியும் மந்தமாகும் என்றார். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை தெரியாத உணவைக் கண்டு ஒதுங்குவது பல பிள்ளைகளுக்கும் உள்ளதுதான் என்றும் சொன்னார். ராத்திரி பாட்டிலையும் பதினோரு மணி பிஸ்கட்டையும் நிறுத்தினோம். அப்புறம் பீன்ஸ் பொரியல் இறங்குகிறது. கீரைக்கு மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

அம்மா சொன்னதையும் தள்ளவில்லை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசிய குடற்புழு நீக்க நாள், அங்கன்வாடியிலேயே மாத்திரை தருகிறார்கள்.

அங்கன்வாடி டீச்சர், விருதுநகர் பக்கம்

எங்கள் மையத்தில் ஒரு பையன் இருந்தான். வெறும் சோறும் அப்பளமும்தான் சாப்பாடு. கீரைச் சாதம் என்றால் தட்டைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். அவன் அம்மா தினமும் வாசலில் நின்று, "எப்படியாவது ரெண்டு வாய் ஊட்டி விட்டுருங்க டீச்சர்" என்பார். நான் ஊட்டவில்லை. ஆயாம்மாவிடமும் ஊட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். தட்டில் என்ன வைப்பது, எப்போது வைப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் நாமே எடுத்துக்கொண்டால் சாப்பாட்டு நேரமே சண்டை நேரமாகிவிடும்.

ஆனால் முருங்கைக்கீரை உருவும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைப்போம். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு, யார் கொத்து முதலில் காலியாகிறது என்று போட்டி போடுவார்கள். அவன் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தான், அப்புறம் உருவினான், அப்புறம் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். எல்லோரும் சாப்பிட வட்டமாக உட்காரும்போது, காயை விரும்பித் தின்னும் ஒரு வாயாடிப் பெண்ணுக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம். தட்டில் நகக்கண் அளவுதான் கீரை இருக்கும். தின்றாலும் கை தட்டமாட்டோம், தின்னாவிட்டாலும் ஏனென்று கேட்கமாட்டோம். ஒருநாள் அந்தப் பெண், "நீ உருவுனதுதாண்டா இது" என்றாள். வாயில் போட்டுக்கொண்டான். உடனே துப்பினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழுங்கியது அதற்கு வெகுநாள் கழித்து.

புது ருசி பழகப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். வீட்டில் மூன்றாவது முறையே "இவனுக்கு இது பிடிக்காது" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள், அதுவும் அவன் காது கேட்க. இன்னொன்று, கீரை தின்றால் மிட்டாய் என்று பேரம் பேசாதீர்கள். கீரை தண்டனை, மிட்டாய்தான் பரிசு என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா

டீச்சர் சொன்னதற்குப் பக்கத்தில் வருவது என் அனுபவம். மகனை உழவர் சந்தைக்குக் கூட்டிப்போய், "உனக்குப் பிடிச்ச காய் ஒண்ணு எடு" என்றேன். கோவைக்காயைக் காட்டி "குட்டி தர்பூசணி" என்றான். வீட்டுக்கு வந்து வறுத்துக் கொடுத்தோம், ஒரு துண்டோடு சரி. அடுத்த வாரமும் கோவைக்காயேதான் எடுத்தான். பையை அவனே தூக்கிக்கொண்டு வருகிறான். இப்போதைக்கு இது போதும்.

இரட்டையரின் தாய்

எனக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. பீட்ரூட்டை அரைத்துத் தோசை மாவில் கலந்துவிடுவேன், சுரைக்காயைத் துருவிச் சப்பாத்தி மாவில் பிசைந்துவிடுவேன். சத்து போகிறதா இல்லையா?

கோவை அம்மா

போகும் அக்கா, நானும் செய்வேன். ஆனால் ஒளித்துச் செய்வதில்லை, "பீட்ரூட் தோசை" என்று சொல்லியே கொடுப்பேன். என் நாத்தனார் மகன் ஒருநாள் இட்லிக்குள் கேரட்டைக் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து இட்லியைப் பிட்டுச் சோதனை போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறான்!

பெயர் வேண்டாமே

எல்லாமே அடம் இல்லை என்பதைச் சொல்ல வந்தேன். என் பையனுக்கு வாழைப்பழம் நாக்கில் பட்டாலே ஓங்கரிப்பு வரும். பப்பாளி, மாம்பழம், குழைந்த காய் எதுவும் ஆகாது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். கடைசியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) கண்டுபிடித்தார், பிரச்சினை ருசியில் இல்லை, கொழகொழப்பில். வெள்ளரிக்காய், மெல்லிசாகச் சீவிய ஆப்பிள் என்று தொடங்கி மெதுவாக நகர்கிறோம். எடை ஏறவில்லை, சாப்பிடும் பொருள்கள் குறைந்துகொண்டே வருகின்றன, அடிக்கடி ஓங்கரிக்கிறது என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலையும் கேளுங்கள், அது இருந்தால் பசி எடுக்காது.

சின்னப் பிள்ளைகளுக்குத் திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். கேரட் என்றால் வேகவைத்து.

தஞ்சாவூர் தாத்தா

பழம் சாப்பிடாவிட்டால் ஜூஸ் பிழியலாமே என்று மருமகள் கேட்டாள். ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம், மூன்று வயது வரை நாளைக்கு 120 மில்லிக்கு மேல் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிழிந்தால் நார் போய் இனிப்புதான் மிச்சம்.

பேத்திக்கு ஐந்து வயது. எதிரே உட்கார்ந்து கொய்யாவை அரிந்து, உப்பும் துளி மிளகாய்த்தூளும் தொட்டு நான் பாட்டுக்குத் தின்பேன். அவளைக் கூப்பிடமாட்டேன். தானாக வந்து, "தாத்தா, காரமில்லாம ஒண்ணு" என்றாள். இப்போது விதை பல்லில் மாட்டுகிறது என்று புதுப் புகார். சப்போட்டா வாங்கி வைத்திருக்கிறேன்.