ஏஞ்சல் மீன் குஞ்சுக்கு முதுகு வளையுது, வைட்டமின் குறைவா?

தக்கலைக்காரன்:
மக்களே ஒரு சந்தேகம். வீட்டுக்குப் பொறத்தால நாலு சிமென்ட் தொட்டி கட்டி ஏஞ்சல் வளக்கேன். முட்டை பொரிஞ்சு அஞ்சாறு நாள்ல குஞ்சு நல்லா நீந்துது, அதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. அப்புறம் அவிச்ச கோழிமுட்டை மஞ்சக்கருவைத் துணியில கட்டிப் பிழிஞ்சு விடுகேன், கூட பொடித் தீனி. மூணாவது வாரம் பாத்தா பாதிக்கு மேல முதுகு வளைஞ்சு கிடக்கு, சிலதுக்கு செவுள் மூடி குட்டை. வைட்டமின் சி மாத்திரையப் பொடிச்சு தண்ணில போடச் சொல்லுகாரு ஒருத்தரு. போடலாமா?

குளத்துமீன்:
போடாதீங்க அண்ணே, தண்ணிதான் புளிக்கும். விஷயம் என்னன்னா இந்த மீனுக்கு நம்மள மாதிரியே வைட்டமின் சி-ய சொந்தமா உண்டாக்கத் தெரியாது, தாய்மீன் முட்டைக்குள்ள வச்சு விட்டதுதான் குஞ்சுக்கு முதல் கையிருப்பு, மஞ்சக்கரு பை கரையக் கரைய அதுவும் இறங்கும், அந்த நேரம் பாத்து நீங்க கொடுக்குறது கோழிமுட்டை, அதுல சி-யே கிடையாது! கோழி தன் உடம்புல தானே உண்டாக்கிக்கிடும், முட்டைல எதுக்கு வைக்கணும்? சி இல்லன்னா எலும்பையும் குருத்தெலும்பையும் இறுக்கிப் பிடிக்கிற கொலாஜன்ங்கிற புரதம் சரியா உருவாகாது, முதுகும் செவுள் மூடியும்தான் அடி வாங்கும். பொடித் தீனி டப்பா திறந்து எத்தன மாசம் ஆச்சு? ஈரக்காத்துல சி சீக்கிரம் போயிரும்.

மணக்குடி ஆர்டீமியா:
ஆர்டீமியாவுக்கு மாறுங்க, உப்புத் தண்ணில வாழுற இறால் மாதிரிப் பொடி உயிரி அது, முட்டையா வாங்கி நாமளே பொரிக்கணும். 24 மணி நேரத்துல பொரியும், அதோட முட்டைலயே சி கெடாத வடிவத்துல இருக்கு, பொரியும்போது உடம்புக்கு ஆகுற மாதிரி மாறிக்கிடும். பொரிஞ்ச சூட்டோட கொடுங்க. வைட்டமின் கரைசல்ல ஊற வைக்கணும்னா உடனே வச்சுப் பிரயோஜனம் இல்ல, சுமார் 8 மணி நேரம் கழிச்சு தோல் உரிச்ச பெறகுதான் அது தின்னவே தொடங்கும். அளவு மீறாதீங்க, வைட்டமின் ஏ கூடினாலும் முதுகெலும்பு கோணும், ஜப்பான் ஃப்ளவுண்டர்ங்கிற தட்டைக் கடல்மீன் குஞ்சுல பாத்திருக்காங்க.

வேலிமலை:
எல்லாத்தையும் வைட்டமின் தலைல கட்டாதீங்கப்பா. ஜோடி ரெண்டும் ஒரே ஈட்டுக் குஞ்சா? அப்படின்னா பரம்பரைக் கோளாறாவும் இருக்கலாம். அடுத்த ஈட்டை ரெண்டா பிரிங்க, ஒண்ணுக்கு ஆர்டீமியா, ஒண்ணுக்கு பழைய தீனி. ரெண்டும் ஒண்ணுபோல வளைஞ்சா கோளாறு தாய் தகப்பன்லயோ தாய்க்குப் போடுற தீனிலயோதான்.

தக்கலைக்காரன்:
ரெண்டும் ஒரே கடைல ஒரே தொட்டில எடுத்ததுதான்... டப்பாவும் ஓணத்துக்கு முந்தி திறந்தது. பிரிச்சே பாக்கேன். ஆர்டீமியாவுக்கு சாமித்தோப்பு கல்லுப்பு போதுமா?

மணக்குடி ஆர்டீமியா:
தாராளமா. லிட்டருக்கு 25 கிராம், ஏர் பம்பு நிக்காம ஓடட்டும்.