ரூட்டுக்கு என்ன சொல்? (நாளை மாலை கெடு)

நண்பர்களே, டிஎச்சிபி (கணினிக்குத் தானாக ஐபி முகவரி தரும் முறை) கையேட்டின் மொழிபெயர்ப்பை நாளை மாலைக்குள் கொடுக்க வேண்டும். சர்வர் ஐபி முகவரியோடு ரூட்களையும், அதாவது எந்த வலையமைப்புக்கு எந்த வழி என்ற குறிப்புகளையும், அனுப்புகிறது. கிளையன்ட் (முகவரி பெறும் கணினியின் நிரல்) அவற்றை மாறிகளில் போட்டு ஷெல் ஸ்கிரிப்டிடம் (கட்டளைகள் எழுதிய கோப்பு) தருகிறது. 'பாதை' என்று எழுதினேன். ஆனால் கட்டளைகளைத் தேடும் பாதையும் அதே ஸ்கிரிப்டில் வருகிறது. வேறு சொல் உண்டா?

> வேறு சொல் உண்டா?

'நெறி' இருக்கிறதே ஐயா. பழைய சொல், வழி என்றே பொருள்.

> 'நெறி' இருக்கிறதே

புரோட்டோகாலை நெறிமுறை என்கிறோம். 'நெறிமுறை தந்த நெறி' என்றால் யாருக்குப் புரியும்? 'ஆறு' என்பேன், ஆற்றுப்படையின் ஆறு. பரிசு பெற்ற பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்லி வள்ளலிடம் அனுப்புவான். சர்வரும் அதைத்தான் செய்கிறது: இன்ன வலையமைப்புக்குப் போக இன்ன கேட்வேயை (வெளியே அனுப்பும் ரவுட்டர்) பிடி. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள்! ரவுட்டரையும் 'ஆற்றுப்படுத்தி' ஆக்கிவிடலாம்.

> ரவுட்டரையும் 'ஆற்றுப்படுத்தி' ஆக்கிவிடலாம்

'ஆறு ஆறுகள் சேர்க்கப்பட்டன' என்று லாகில் வந்தால் வெள்ள எச்சரிக்கை என்று நினைப்பார்கள். 'பெறுவழி' எப்படி? வினைத்தொகை, பெற்ற, பெறுகின்ற, பெறும் என மூன்று காலமும் அடங்கும். குத்தகை (முகவரி குறிப்பிட்ட காலத்துக்கே தரப்படுகிறது) புதுப்பிக்கும்போது பழைய ரூட், புதிய ரூட் இரண்டையும் ஸ்கிரிப்ட் ஒப்பிடுகிறதே, அதற்கு வாகு.

> 'பெறுவழி' எப்படி?

பாதிப் பேர் 'பெருவழி' என்று படிப்பார்கள். அது நெடுஞ்சாலை, கல்வெட்டிலேயே உண்டு. பேசாமல் 'தடம்' என்று போடுங்கள்.

அப்புறம், சொல்லைவிட முக்கியமான ஒன்று. சர்வர் ஒவ்வொரு தகவலையும் எண்ணிட்ட ஆப்ஷனாக அனுப்புகிறது. ரூட்களைத் தரும் 121ஆம் ஆப்ஷன் வந்தால் 3ஆம் ஆப்ஷனில் வரும் ரவுட்டரைக் கிளையன்ட் கண்டுகொள்ளக் கூடாது என்கிறது 2002இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 3442. இயல்பான ரூட்டும் (வேறு எதுவும் பொருந்தாதபோது போகும் வழி) 121க்குள்ளேயே வர வேண்டும். முகமூடி நீளம் (முகவரியில் வலையமைப்பைக் குறிக்கும் பிட்களின் எண்ணிக்கை) 0 என்றால் அது இயல்பான ரூட்தான். பின்னால் நேராகக் கேட்வேயின் 4 எண்கள். ஒவ்வொரு ரூட்டுக்கும் 8 எண்கள் என்று எண்ணிப் பிரிக்கிற ஸ்கிரிப்ட் அங்கேதான் இடறும். மொழிபெயர்ப்பில் அந்தப் பத்தி விடுபட்டுவிட வேண்டாம்.

> 'தடம்' என்று போடுங்கள்

தடம் போன பிறகு விழுவது. ரூட் போவதற்கு முன்பே அட்டவணையில் இருக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

சரி, மூன்று பேர் தனிமடலில் தடத்துக்குக் கைதூக்கிவிட்டார்கள். தடம் என்றே அனுப்புகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'ரூட்'. 121 பத்தியும் விடுபடவில்லை.

> தடம் என்றே அனுப்புகிறேன்

அனுப்பும் முன் ஒன்று: இயல்பு தடமா, இயல்புத் தடமா?