பிவட்: அச்சாணியா, குடுமியா?

அன்புள்ள ஐயா,

மலைமிதிவண்டிச் சொற்பட்டியலில், ஒரு பாகம் இன்னொன்றோடு சேர்ந்து திரும்பும் மூட்டான பிவட்டுக்கு (pivot) ‘அச்சாணி’ என்று போட்டிருக்கிறீர்கள். மாற்றிவிடக் கேட்டுக்கொள்கிறேன். அச்சாணி என்பது சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் நுனியில் செருகும் கடையாணி. அதை மையமாகக் கொண்டு எதுவும் திரும்புவதில்லை.

‘சுழலச்சு’ம் வேண்டாம். அச்சு என்றால் முழுச் சுற்று நினைவுக்கு வரும். பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கைதான் ஸ்விங் ஆர்ம். 430 மி.மீ. நீளமுள்ள அதன் நுனியில் சக்கரம் 150 மி.மீ. ஏறினாலும் பிவட் திரும்புவது சுமார் 20 பாகைதான். பேரிங் கெடுவதற்கும் இதுவே காரணம். உள்ளேயுள்ள அதே சில பால்ஸ் (குண்டுகள்) அதே இடத்தையே அழுத்திக்கொண்டிருக்கும், கிரீஸ் சுற்றிப் பரவாது. சென்னை உப்புக்காற்றில் அந்த இடத்தில் துரு பிடித்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘டொக்’கென்று தட்டும். அதனால்தான் பிவட் பேரிங் பலவற்றில், பால்ஸை இடைவெளி விட்டுப் பிடிக்கும் கேஜ் வைக்காமல் பால்ஸை நெருக்கி அடைக்கிறார்கள்.

முழுதும் சுற்றாமல் போய்த் திரும்புகிற பாகத்துக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. கீல் இல்லாத பழைய கதவில், மேலும் கீழும் நீட்டிய முளை குழியில் உட்கார்ந்து திரும்புமே, அது குடுமி. ஸ்விங் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடம் ‘முதன்மைக் குடுமி’.

தம்பிக்கு,

அச்சாணியை எடுத்துவிட்டேன். குடுமி என்றால் தலைமுடிதானே என்று சிலர் கேட்பார்கள். சட்டம், பேரிங் என்று பேசும் இடத்தில் அந்தக் குழப்பம் வராது. என் தடை வேறு. ஒற்றைக் கைக்குப் பதிலாக, பின்சக்கரம் உள்ள பாகத்தை மேலும் கீழும் இரண்டு இணைப்புகள் சட்டத்தோடு சேர்க்கும் நான்கு இணைப்பு அமைப்பில், சக்கரம் எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அங்கே போல்ட்டே கிடையாது. கீழ் இணைப்பு, மேல் இணைப்பு இரண்டின் கோடுகளையும் நீட்டினால் அவை வெட்டும் வெற்றிடம் அது. ஷாக் (அதிர்வுதாங்கி) அமுங்க அமுங்க இடமும் மாறும். இதையும் குடுமி என்றால் பாகத்துக்கும் புள்ளிக்கும் ஒரே பெயர் ஆகிவிடும். அந்தக் கணத்துக்கு மட்டும் மையம் என்பதால் ‘கணமையம்’ என்று பிரித்துவிடலாமா?

ஐயா,

கணமையம் மிகப் பொருத்தம். சொற்கள் தாங்குமா என்று தாவல் பற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“32 பல் முன்சக்கரத்தின் ஆரம் சுமார் 65 மி.மீ. முதன்மைக் குடுமி அதன் மேல்விளிம்பைவிட வெகுவாக உயர்ந்தால், பின்சக்கரம் ஏறும்போது பின்னோக்கியும் நகரும். கல் நிறைந்த இறக்கத்தில் அது நல்லது. தாவுமேட்டிலோ, ஷாக் அமுங்கும் வேளையில் பின்பாதி நீண்டு, முன்சக்கரத்தைத் தூக்குவது கனக்கும். சங்கிலியும் இழுபட்டு மிதியை உதைக்கும். அதைக் குறைக்க, சங்கிலியைத் தாங்கி வழிநடத்தும் ஐட்லர் என்ற சிறு சக்கரம் குடுமியருகே தேவை. 60 மி.மீ. அமுங்கும் ஷாக் 150 மி.மீ. சக்கர அசைவைத் தாங்கினால், சக்கர அசைவை ஷாக் அமுக்கத்தால் வகுத்த சராசரி நெம்புவிகிதம் 2.5. அது 2.8இல் தொடங்கி 2.2இல் முடிந்தால் ஷாக் போகப்போக இறுகும், தரையில் இறங்கும்போது எளிதில் அடிதட்டாது. மாறாமல் 2.5ஆகவே இருந்தால், மேட்டில் காலால் கொடுத்த அழுத்தத்தில் கூடுதல் பங்கை ஷாக்கே விழுங்கக்கூடும்.”

‘முன்சக்கரம்’ இரண்டு பொருளில் வந்துவிட்டது. பல் உள்ளதைப் ‘பல்வட்டு’ என்று திருத்தி, குடுமி, கணமையம், நெம்புவிகிதம் மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.